கூப்பர்ஸ்டவுன் வாசலில் காத்திருப்பவர்கள்

டிக் ஆலன் 2020 டிசம்பர் 7 அன்று காலமானார். வயது 78. பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கொடுப்பதா இல்லையா என்று முடிவுசெய்ய வேண்டிய 16 பேர் குழு அதே மாதம்தான் கூடுவதாக இருந்தது. கொரோனாவால் கூட்டம் ஓராண்டு தள்ளிப்போனது. அதற்கு முன் 2014-இல் குழு கூடியபோது ஆலனுக்குக் கிடைத்தது 11 ஓட்டு. தேவைப்பட்டது 12. தள்ளிப்போன கூட்டம் 2021 டிசம்பரில் நடந்தது. மறுபடியும் 11. கடைசியில் 2024 டிசம்பர் 8 அன்று 13 ஓட்டு விழுந்து அவர் தேர்வானார். அவர் இறந்து அன்றைக்கு நான்கு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

ஆலன் கடைசியாக மட்டை பிடித்தது 1977-இல். அவருடைய 351 ஹோம்ரன்னில் ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. 1964-இல் சிறந்த புதுமுகம், 1972-இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டங்களும் அப்படியேதான் இருந்தன. மாறியது ஒன்றுதான்: மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்கள்.

யாருக்குத் தகுதி உண்டு என்ற இந்த வாதம் அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலமும் கிளம்பும். டிசம்பரில் குழு கூடும், ஜனவரியில் பத்திரிகையாளர்களின் ஓட்டு எண்ணப்படும். மைதானங்கள் பனி மூடிக் கிடக்கிற அந்த இரண்டு மாதமும் ரசிகர்களுக்கு வேறு பேச்சு கிடையாது. 1936-இல் தொடங்கியது, 90 வருடமாக ஓயவில்லை. இந்த வாதங்களைத் தொடர்ந்து கவனித்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஆட்டக்காரரின் தகுதியைப் பற்றிய சண்டை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அளக்கும் கை யாருடையது, அது எப்போது அளக்கிறது என்பதைப் பற்றிய சண்டைதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலத்தில், ஒட்ஸேகோ ஏரிக்கரையில், இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத ஊர் கூப்பர்ஸ்டவுன். ஹால் ஆஃப் ஃபேம் அங்கே அமைந்ததற்குக் காரணம் ஒரு கட்டுக்கதை. 1839-இல் ஆப்னர் டபிள்டே என்பவர் அந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1900-களின் தொடக்கத்தில் ஒரு விசாரணைக் குழு அறிவித்தது. பின்னாளில் உள்நாட்டுப் போரில் தளபதியான அந்த டபிள்டே, 1839-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பேஸ்பாலை ஒரு தனிமனிதர் கண்டுபிடிக்கவும் இல்லை. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. பொருளாதார மந்தத்தில் துவண்டிருந்த ஊருக்கு ஆள் வரவேண்டும் என்று நினைத்தார் ஸ்டீபன் கிளார்க் என்ற செல்வந்தர். நம் வீடுகளில் கிடந்த சிங்கர் தையல் மிஷின் இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் பணத்துக்கு வாரிசு அவர். அவருடைய முயற்சியில் 1939 ஜூன் 12 அன்று மண்டபம் திறக்கப்பட்டது. இன்று 350 பேருக்கும் மேற்பட்டவர்களின் முகங்கள் அங்கே வெண்கலப் பலகைகளில் இருக்கின்றன.

ஓட்டு முறை எளிதுதான். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் 10 வருடம் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்கு ஓட்டு உண்டு. ஆட்டக்காரர் 10 பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 10 பெயர்களைக் குறிக்கலாம். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதம்கூடக் கிடைக்காவிட்டால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். மற்றவர்கள் 10 வருடம் வரை பட்டியலில் இருக்கலாம். 2014 வரை இது 15 வருடமாக இருந்தது. இங்கே தவறியவர்களுக்கு இன்னொரு கதவு, அந்த 16 பேர் குழு.

முதல் தேர்தலில் ஐந்து பேர் தேறினார்கள்: டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன். 226 ஓட்டில் காப்புக்கு 222. ரூத்துக்கு 215. பேப் ரூத்தின் பெயரை எழுதாத 11 பேர் இருந்திருக்கிறார்கள்! 511 ஆட்டங்களை வென்று, இன்றுவரை யாரும் கிட்டே நெருங்காத பிட்சர் (பந்து எறிபவர்) சை யங், அந்த ஆண்டு தேறவே இல்லை. 1979-இல் வில்லி மேஸை 23 பேர் ஒதுக்கினார்கள். எல்லா ஓட்டையும் பெற்ற முதல் ஆள் 2019-இல் வந்த மரியானோ ரிவேரா, 425-க்கு 425. அடுத்த ஆண்டு டெரிக் ஜீட்டருக்கு ஒரு ஓட்டு குறைந்தது. 2025-இல் இச்சிரோ சுசுகிக்கு 394-இல் 393. ஆசியாவிலிருந்து அந்த மண்டபத்துக்குள் போன முதல் ஆட்டக்காரர் அவர். அந்த ஒற்றை ஓட்டைப் போடாதவர் யாரென்று இன்றைக்கும் ஊருக்குத் தெரியாது. வாக்குச்சீட்டுகள் எல்லாவற்றையும் வெளியிடலாம் என்று எழுத்தாளர் சங்கமே 2016-இல் பெரும்பான்மையோடு தீர்மானித்தது. ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. ஒருவருடைய வாழ்நாள் உழைப்புக்குத் தீர்ப்பு எழுதுகிறவர் தன் பெயரைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் எண்ணம்.

எண்களுக்கு வருவோம். பேஸ்பால் சராசரியைக் கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பத்து முறையில் மூன்று முறை ஹிட் அடித்தால் .300, அதுவே சிறந்த ஆட்டக்காரரின் அடையாளம். நெடுங்காலம் மூன்று எண்கள் சாவியாக இருந்தன: 3,000 ஹிட், 500 ஹோம்ரன், பிட்சராக இருந்தால் 300 வெற்றி. இதில் வெற்றிக் கணக்குதான் மிகவும் ஏமாற்றுவது. பிட்சர் எவ்வளவு நன்றாக எறிந்தாலும் சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் தோல்வி அவர் பெயரில்தான் எழுதப்படும்.

பெர்ட் பிளைலெவனின் கதை இதற்குச் சரியான பாடம். 22 பருவங்கள், 3,701 ஸ்ட்ரைக்அவுட், எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தானே முழுதும் எறிந்து முடித்த ஆட்டங்கள் 60. ஆனால் வெற்றி 287 மட்டுமே, தோல்வி 250. 1998-இல் முதன்முதலாகப் பட்டியலில் வந்தபோது 17.5 சதவீதம், அடுத்த ஆண்டு இன்னும் கீழே. அவர் ஆடிய அணிகள் பல பலவீனமானவை, ரன் எடுத்துக் கொடுக்காதவை என்பதைப் புள்ளிவிவரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2011-இல், பதினான்காவது முயற்சியில், 79.7 சதவீதம்.

அதே காலத்தில் மறுபக்கம் நின்றவர் ஜாக் மாரிஸ். 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், மினியாபொலிஸ். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து இரு பக்கமும் பூஜ்யம். களைப்பில் எந்தப் பிட்சரும் உட்கார்ந்துவிடும் நேரம். மாரிஸ் பத்தாவது இன்னிங்ஸுக்கும் தானே எழுந்து போனார். 126 பந்து எறிந்தார். அவருடைய மினசோட்டா ட்வின்ஸ் 1-0 என்று பட்டம் வென்றது. அந்த இரவைப் பார்த்தவர்கள் மாரிஸுக்கு ஓட்டுப் போடாமல் இருக்க முடியுமா? அவர் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகக் கொடுத்த ரன் 3.90 என்று மறுதரப்பு சுட்டியது. மண்டபத்தில் இருந்த எந்தப் பிட்சருக்கும் அவ்வளவு மோசமான கணக்கு இல்லை. 15 வருடம் எழுத்தாளர்களிடம் தேறாமல், பிறகு குழுவின் வழியாக உள்ளே போனார். கணக்கின்படி பார்த்தால் பிளைலெவன் முன்னால் போனதுதான் நியாயம். ஆனாலும் அந்தப் பத்தாவது இன்னிங்ஸை வெறும் பத்தில் ஒரு பங்காக எழுதிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் என்பது நினைவின் வீடும்தானே.

இன்று ‘வார்’ என்ற கணக்கு பேச்சை ஆள்கிறது. இந்த ஆட்டக்காரரின் இடத்தில், கைக்குக் கிடைத்த ஒரு சாதாரண ஆளை நிறுத்தியிருந்தால் அணி எத்தனை வெற்றிகளை இழந்திருக்கும் என்பதை அது மதிப்பிடுகிறது. மட்டை, ஓட்டம், தடுப்பு, ஆடிய மைதானம், ஆடிய காலம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர், வாழ்நாள் மதிப்பையும் மிகச் சிறந்த ஏழு பருவங்களின் மதிப்பையும் சேர்த்துச் சராசரி எடுத்து, ஏற்கெனவே மண்டபத்தில் இருப்பவர்களோடு ஒப்பிடும் முறை ஒன்றை உருவாக்கினார். நீண்ட காலம் ஆடி எண் சேர்த்தவரா, சில வருடம் ஜொலித்துவிட்டுப் போனவரா என்ற பழைய சண்டைக்கு இதனால் ஒரு பொதுத் தரை கிடைத்தது. கனடாக்காரர் லாரி வாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நெடுநாள் ஆடிய டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிது, பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதனால் அவருடைய எண்களை எழுத்தாளர்கள் நம்பவில்லை. மைதானத்தின் சலுகையைக் கழித்த பிறகும் அவர் பெரிய ஆட்டக்காரர்தான் என்று கணக்கு காட்டியது. 2014-இல் 10.2 சதவீதம், 2020-இல் கடைசி வாய்ப்பில் 76.6.

இந்தக் கணக்கு யாரை உள்ளே கொண்டுவந்தது என்பதைவிட, யாரைப் பற்றிய வெட்கத்தை நமக்குக் காட்டியது என்பது பெரிது. டெட்ராய்ட் அணியில் லூ விட்டேக்கரும் ஆலன் டிராமலும் 1977 முதல் 1995 வரை இரண்டாவது பேஸின் இரு பக்கமும் நின்றார்கள். ஒருவர் பந்தைப் பொறுக்கித் தட்டிவிட, மற்றவர் வாங்கிய வேகத்தில் முதல் பேஸுக்கு எறிய, இரண்டு பேர் ஒரே மூச்சில் அவுட். பத்தொன்பது பருவம் இப்படியே. அமெரிக்கன் லீகில் இவ்வளவு காலம் சேர்ந்தே ஆடிய ஜோடி வேறில்லை. டிராமலுக்கு வார் கணக்கில் சுமார் 70, விட்டேக்கருக்கு 75. டிராமல் 2018-இல் குழு வழியாக மண்டபத்துக்குள் போனார். விட்டேக்கர் 2001-இல் பட்டியலில் வந்தபோது கிடைத்தது 15 ஓட்டு, 2.9 சதவீதம். முதல் ஆண்டிலேயே பெயர் அடிபட்டுப்போனது. மெதுவாக வளரும் ஆதரவுக்கு அவருக்குக் காலமே கொடுக்கப்படவில்லை. ஸ்காட் ரோலன் 10.2 சதவீதத்தில் தொடங்கி ஆறாம் ஆண்டில், தேவைக்கு ஐந்தே ஓட்டு கூடுதலாகப் பெற்று உள்ளே போனார். விட்டேக்கருக்கும் ஐந்தாறு வருடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இனி கடினமான பகுதி. ஓட்டுப் போடுகிறவர் ஆட்டத் திறனோடு நேர்மை, விளையாட்டு உணர்வு, ஒழுக்கம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. 1940-களில் சேர்த்த வாசகம் அது. அதற்கு முன்பே உள்ளே போனவர்களில் ஒருவர் டை காப். 1912-இல் தன்னைத் திட்டிய பார்வையாளரைக் கூட்டத்துக்குள் ஏறிப்போய் அடித்தவர் அவர். அடிபட்டவர் விபத்தில் கை விரல்களை இழந்திருந்த மனிதர். 1939-இல் தேர்வான கேப் ஆன்சன், கறுப்பின ஆட்டக்காரர் இருந்தால் களமிறங்க மாட்டேன் என்று 1880-களில் அடம்பிடித்தவர். 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை நீடித்த நிறத்தடையை எழுப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. அவருடைய வெண்கலப் பலகையில் பட்டங்களும் மட்டைச் சாதனைகளும் இருக்கின்றன, இது இல்லை. பிற்காலத்திலும் அப்படித்தான். பந்தில் எச்சிலும் பசையும் தடவி எறிந்ததைத் தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்ட கேலார்ட் பெர்ரி 1991-இல் உள்ளே போனார். ஒழுக்க விதியை ஒருவர் மேல் வீசி, இன்னொருவர் மேல் வீசாமல் விட்டால் அதற்குப் பெயர் விதி இல்லை.

பீட் ரோஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். 4,256 ஹிட், அமெரிக்கப் பெரிய லீகின் சாதனை. அணி மேலாளராக இருந்தபோது தன் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டினார். 1989-இல் வாழ்நாள் தடை வந்தது. 15 வருடம் மறுத்துவிட்டு 2004-இல் ஒப்புக்கொண்டார். தன் அணி வெல்லும் என்றுதான் கட்டினேன் என்று அவர் சொன்னதை ஒரு சமாதானமாக ஏற்பவர்கள் உண்டு. மேட்ச் ஃபிக்ஸிங்கைக் கண்கூடாகப் பார்த்த நமக்கு இதன் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று பணம் கட்டி நாளை கட்டாத மேலாளர், நாளைய ஆட்டத்தைப் பற்றித் தரகரிடம் வாய் திறக்காமலே ஒரு செய்தி சொல்லிவிடுகிறார். பணம் கட்டிய நாளில் களைத்த பிட்சரை இன்னும் ஒரு இன்னிங்ஸ் எறியவிட அவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. அவரைத் தடை செய்தது சரி. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது சரியில்லை. 1991-இல், அவர் பெயர் பட்டியலில் வருவதற்குச் சற்று முன்னால், தடை பெற்றவர்கள் பட்டியலிலேயே இடம்பெற முடியாது என்று ஹால் நிர்வாகம் விதி போட்டது. எழுத்தாளர்கள் ஏற்றிருக்கலாம், நிராகரித்திருக்கவும் கூடும். அந்தப் பொறுப்பே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ரோஸ் 2024 செப்டம்பர் 30 அன்று இறந்தார். 2025 மே மாதம், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அறிவித்தார். 1919 உலகத் தொடரை விற்ற குற்றத்துக்காக விலக்கப்பட்ட ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சனும் அதில் விடுபட்டார். ஜாக்சன் இறந்தது 1951-இல். இருவர் பெயரும் இனி 2027 டிசம்பர் குழுவுக்கு முன்னால் வரலாம்.

ஸ்டீராய்டு காலம் இதைவிடச் சிக்கலானது. பாரி பாண்ட்ஸ்: 762 ஹோம்ரன், ஒரே பருவத்தில் 73, ஏழு முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர். ரோஜர் கிளெமன்ஸ்: 354 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஏழு முறை. 2022-இல் பத்தாவது ஆண்டும் முடிந்தபோது பாண்ட்ஸுக்கு 66.0 சதவீதம், கிளெமன்ஸுக்கு 65.2. ஊக்கமருந்துச் சந்தேகத்தால் வாசல் மூடியது. அதே நாளில் டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே தேர்வானார். 2003-இல் நடந்த ரகசியப் பரிசோதனையில் சிக்கியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாகப் பத்திரிகைச் செய்தி வந்திருந்தது, அந்தப் பரிசோதனை முடிவுகளை நம்ப முடியாது என்று ஆணையர் சொல்லியிருந்தார். ஜெஃப் பாக்வெல்லோ எந்தச் சான்றும் இல்லாமல், தோள்கட்டைப் பார்த்தவர்களின் சந்தேகத்துக்காகவே ஏழாவது முயற்சிவரை காத்திருந்தார்.

ஊக்கமருந்து எடுத்தவர்களை உள்ளே விடாதீர்கள் என்று மண்டபத்தின் துணைத் தலைவராக இருந்த ஜோ மார்கன் 2017-இல் வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதினார். சுத்தமாக ஆடி எண்ணில் பின்தங்கியவர்களின் வலி அந்தக் கடிதத்தில் இருந்தது, அதை நான் மதிக்கிறேன். 500 ஹோம்ரன்னுக்கு ஏழு குறைந்து 493-இல் நின்ற ஃபிரெட் மெக்ரிஃப் எழுத்தாளர்களிடம் தேறாமல் போனதற்கு, பக்கத்தில் வீங்கி நின்ற எண்களும் ஒரு காரணம். ஆனால் 2004 வரை அந்த லீகில் பரிசோதனையில் சிக்கினாலும் தண்டனையே இல்லை. 1998-இல் மெக்வயரும் சோசாவும் ஹோம்ரன் மழை பொழிந்தபோது அரங்கம் நிறைந்தது, கல்லாவும் நிறைந்தது. அந்தக் காலம் முழுதும் ஆணையராக இருந்தவர் பட் செலிக். 2017-இல் அவரை மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். அந்த ஆட்டக்காரர்களை வைத்து வென்ற மேலாளர்கள் மூன்று பேர் 2014-இல் ஒரே நாளில் கௌரவிக்கப்பட்டார்கள். காவலுக்கு வைத்த வேலிக்கு வெண்கலப் பலகை, மேய்ந்த மாட்டுக்கு மட்டும் தண்டனை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாண்ட்ஸும் கிளெமன்ஸும் உள்ளே இருக்க வேண்டும். பலகையில் எண்களுக்குக் கீழே நடந்ததும் பொறிக்கப்பட வேண்டும். ஆன்சனின் பலகைக்கும் அதே எழுத்தாணி போக வேண்டும். 2025 டிசம்பரில் குழு கூடியபோது இருவருக்கும் ஐந்து ஓட்டுகூட விழவில்லை. புதிய விதிப்படி அடுத்த சுற்றில் அவர்கள் பெயரே வராது. இன்னொரு முறையும் ஐந்துக்குக் கீழே போனால் நிரந்தரமாக முடிந்தது.

நிறத்தடைக் காலத்தில் கறுப்பினத்தவர் தனியே ஆடிய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களின் விஷயத்தில் ‘தகுதி’ என்ற சொல்லே எப்படி ஆயுதமானது என்று பாருங்கள். பத்துப் பருவம் பெரிய லீகில் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. பெரிய லீகோ அவர்களை ஆடவே விடவில்லை. 1966-இல் டெட் வில்லியம்ஸ் தன் ஏற்புரையில், வாய்ப்பு மறுக்கப்பட்ட சாட்செல் பெய்ஜும் ஜாஷ் கிப்சனும் ஒருநாள் இங்கே வரவேண்டும் என்று சொன்னார். அன்றைய அமெரிக்காவில் ஒரு வெள்ளை நட்சத்திரம் அந்த மேடையில் அதைச் சொன்னது பெரிய காரியம். 1971-இல் பெய்ஜைத் தேர்ந்தெடுத்தபோதும் முதலில் தனிப் பகுதி ஒன்றில் வைப்பதாகத்தான் அறிவித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே சம இடம் கொடுத்தார்கள்.

2006-இல் ஒரு சிறப்புக் குழு, நீக்ரோ லீக் காலத்தையும் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. மண்டபத்துக்குள் வந்த முதல் பெண் எஃபா மேன்லி அதில் ஒருவர். பதினேழு பேரும் இறந்தவர்கள். பட்டியலில் உயிரோடிருந்த இருவர், பக் ஓநீலும் மின்னி மின்யோசோவும், தேர்வாகவில்லை. ஓநீல் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியின் ஆட்டக்காரர், மேலாளர். 1962-இல் பெரிய லீகின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர். அந்த லீக்குகளின் கதையை ஊர் ஊராகச் சொல்லி, அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் எழக் காரணமானவர். அவர் இல்லாவிட்டால் அந்தப் பதினேழு பெயர்களில் பலவற்றை யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

ஜூலை மாத விழாவுக்கு அவர் போனார். தன்னைத் தேர்ந்தெடுக்காத மேடையில் ஏறி, பேச முடியாத அந்தப் பதினேழு பேருக்காகப் பேசினார். 94 வயது. கசப்பாக ஒரு சொல் இல்லை. கடைசியில் மேடையிலும் புல்வெளியிலும் இருந்த அத்தனை பேரையும் கை கோர்க்கச் சொல்லி, அன்பைப் பற்றிய ஒரு பாட்டைத் தன்னோடு பாட வைத்தார். அந்த அக்டோபரில் இறந்தார். 2021 டிசம்பரில் தேர்வானார். மின்யோசோவும் அதே நாளில் தேர்வானார்; அவர் இறந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குழு என்ற இந்தப் பின்கதவு ஒருகாலத்தில் அகலத் திறந்து கிடந்தது. 1970-களில் பழைய ஆட்டக்காரர் ஃபிராங்கி ஃபிரிஷ் குழுவில் இருந்தபோது அவரோடு நியூயார்க் ஜயன்ட்ஸ், செயின்ட் லூயிஸ் அணிகளில் ஆடிய நண்பர்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அந்த வரிசையை பேஸ்பால் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் 1994-இல் தன் புத்தகத்தில் சுட்டிக்காட்டினார். அந்த வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. எழுத்தாளர்களிடம் 6.1 சதவீதத்தைத் தாண்டாத ஹெரால்ட் பெய்ன்ஸ் 2018 டிசம்பரில் குழுவின் 16-இல் 12 ஓட்டோடு தேர்வானார். அவருடைய பழைய மேலாளரும் பழைய அணி உரிமையாளரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பெய்ன்ஸ் நல்ல மனிதர், 2,866 ஹிட் அடித்தவர். அவருக்குக் கிடைத்ததைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்த முகம் மேசையில் இருந்தால் கதவு திறக்கிறது, இல்லாவிட்டால் திறப்பதில்லை என்பதுதான் வேதனை.

கணக்கைப் பாருங்கள். 2014 குழுவில் பத்து வேட்பாளர். 16 பேரும் ஆளுக்கு நான்கு ஓட்டுதான் போடலாம். மொத்தம் 64 ஓட்டு, தேர்வாக ஒவ்வொருவருக்கும் 12 வேண்டும். ஆலனுக்கும் டோனி ஒலிவாவுக்கும் 11, ஜிம் காட்டுக்கு 10. யாருமே தேர்வாகவில்லை. இப்போது விதி இன்னும் இறுகி, எட்டு வேட்பாளர், ஆளுக்கு மூன்று ஓட்டு என்றாகிவிட்டது. ஆகக்கூடியது 48 ஓட்டு. ஒரு நல்ல ஆட்டக்காரருக்கு ஓட்டுப் போட இன்னொரு நல்ல ஆட்டக்காரரைக் கைவிட வேண்டும். தகுதியை ஆமா, இல்லையா என்று கேட்க வேண்டிய இடத்தில் யார் முதலில் என்று கேட்கிறார்கள். இந்த உச்சவரம்பை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தகுதியற்றவர் நுழைந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு 75 சதவீதமே போதிய காவல்.

ஆலனின் கதையில் இன்னொன்றும் உண்டு. 1963-இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்து அணிக்கு அனுப்பப்பட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர். பிலடெல்பியாவில் சொந்த ரசிகர்களே பொருள்களை வீசி எறிந்ததால், தடுப்பில் நிற்கும்போதும் தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடினார். என் பெயர் டிக் என்று அவர் சொல்லச் சொல்ல, பத்திரிகைகள் ரிச்சி என்றே எழுதின. ‘பிரச்சினைக்காரர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஓட்டுப் போடும் சீட்டு அதே பத்திரிகை உலகத்தின் கைக்குத்தான் போனது. எழுத்தாளர்களிடம் அவர் 20 சதவீதத்தைத் தொடவே இல்லை. ஒழுக்கம் என்ற தலைப்பில் எத்தனை பேர் இப்படிப் பழைய மனக்கசப்பைத் தீர்த்துக்கொண்டார்களோ!

சிகாகோவின் ரான் சாண்டோ நீரிழிவோடு ஆடியவர், பின்னாளில் இரண்டு கால்களையும் இழந்தவர். 2010 டிசம்பர் தொடக்கத்தில் இறந்தார், 2011 டிசம்பர் 5 அன்று தேர்வானார். ஆலனோடு தேர்வான டேவ் பார்க்கருக்குச் செய்தி மட்டுமாவது காதில் விழுந்தது. பார்க்கின்சன் நோயோடு போராடிய அவர் விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், 2025 ஜூன் 28 அன்று போய்விட்டார். மேடையில் அவருடைய மகன் பேசினார்.

லூ விட்டேக்கர் உயிரோடு இருக்கிறார். 2019 டிசம்பரில் குழு அவர் பெயரை எடுத்தபோது 16-இல் ஆறு ஓட்டு விழுந்தது. 2022-இலும் 2025-இலும் எட்டுப் பேர் பட்டியலிலேயே அவர் இல்லை. 2022-இல் டெட்ராய்ட் அணி அவருடைய 1-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் இல்லை என்று ஓய்வு கொடுத்து வைத்தது. 1980-க்குப் பிந்தைய ஆட்டக்காரர்களுக்கான குழு அடுத்துக் கூடுவது 2028 டிசம்பரில். அன்றைக்கு அவருக்கு வயது 71.